ஊர்ப் பெரியவருக்குப் புனிதர் பட்டம் வேண்டுவோர் செய்ய வேண்டியவை: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

மறைசாட்சி தேவசகாயம் 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்ட பிறகு, "எங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் வாழ்ந்தாரே, அவருக்கு எப்படிக் கேட்பது?" என்ற கேள்வியைக் குமரி மாவட்டத்துப் பங்குகளில் அடிக்கடி கேட்க நேர்கிறது. எங்கள் பங்கில் மறைந்த உபதேசியார் ஒருவருக்காக ஆவணம் திரட்டும் குழுவில் எழுத்து வேலை என்னிடம் வந்தபோது, எதை முதலில் செய்வது, யாரிடம் எழுதிக் கேட்பது என்று வரிசைப்படுத்திச் சொல்ல ஒருவரும் இல்லை. அந்தத் தடுமாற்றம் அடுத்தவருக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். இங்கே சொல்லப்படுவது கத்தோலிக்கத் திருச்சபையின் நடைமுறை மட்டுமே. சி.எஸ்.ஐ. போன்ற சீர்திருத்தச் சபைகளில் புனிதர் பட்டம் வழங்கும் வழக்கம் கிடையாது. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ஆயர் மாமன்றமே அறிவிக்கும்.

1. எந்த வழியில் கேட்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

மனு எழுதுவதற்கு முன்பே இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் தேட வேண்டிய சான்றுகளும் சாட்சிகளிடம் கேட்கப்படும் கேள்விகளும் இதைப் பொறுத்தே மாறும். விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பால் கொல்லப்பட்டவரானால் அது மறைசாட்சிய வழி. இதில் அருளாளர் பட்டத்துக்கு, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படிக்கு, புதுமை (அவருடைய பரிந்துரையால் நடந்த அற்புதம்) தேவையில்லை. இயல்பாக இறந்தவரானால் நற்பண்புகளை வீரத்துவமான அளவில் வாழ்ந்தார் என்று நிறுவ வேண்டும். மூன்றாவது வழி 2017 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் சேர்த்தது: பிறர் அன்புக்காகத் தம் உயிரைத் தாமாகவே கையளித்து, நிச்சயமான முன்கூட்டிய சாவை ஏற்றவர்கள் இதில் வருவார்கள். ஆழிப்பேரலையின்போது குழந்தைகளைத் தூக்கி வரத் திரும்பி ஓடி மாண்ட ஒருவரைப் பற்றி நம் கடற்கரை ஊர்கள் பேசும்போது இந்த வழியைத்தான் ஆராய வேண்டும். அவரை மறைசாட்சி என்று எழுதினால் மனு தொடக்கத்திலேயே தடம் மாறிவிடும்.

2. காலக் கணக்கைச் சரிபாருங்கள்

இறந்து ஐந்து ஆண்டுகள் நிறைவதற்குள் வழக்கை, அதாவது புனிதர் பட்டத்துக்கான திருச்சபை விசாரணையை, தொடங்க முடியாது. அன்னை தெரேசாவுக்கு இந்த விதியைத் தளர்த்தியவர் திருத்தந்தையே. நாம் அதை எதிர்பார்த்துத் திட்டம் போடக் கூடாது. மறுபக்கம், இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டால், இத்தனை காலம் தொடங்காமல் இருந்ததில் மோசடியோ மறைப்போ இல்லை என்பதை விளக்கியாக வேண்டும். "பணம் இல்லை, வழி தெரியவில்லை" என்பது உண்மையானால் அதையே தேதிகளோடு எழுதலாம்.

ஐந்து ஆண்டுக் காத்திருப்பு சும்மா இருப்பதற்கான காலம் அன்று. எண்பது வயதைக் கடந்தவர்களின் பட்டியலை முதலில் எழுதி, அவர்கள் நேரில் கண்டதைத் தேதியும் கையொப்பமும் இட்டு வாங்கி வையுங்கள். இது முறையான சாட்சியமாகக் கருதப்படாது என்றாலும், பின்னர் யாரை அழைப்பது என்று முடிவெடுக்கவும், அவர்கள் இறந்துபோனால் ஒரு தடயமாக நிற்கவும் உதவும்.

3. எந்த ஆயரிடம் போக வேண்டும்

நம் மாவட்டத்தில் பலர் இடறுவது இங்கேதான். பிறந்த ஊரின் ஆயரோ, பணி செய்த ஊரின் ஆயரோ இதற்கு உரியவர் அல்லர். இறந்த இடம் எந்த மறைமாவட்டத்தில் இருக்கிறதோ அந்த ஆயரே உரியவர். வாழ்நாள் முழுவதும் குளச்சலிலோ தக்கலையிலோ இருந்த ஒருவர், கடைசி நாள்களில் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே இறந்திருந்தால், வழக்கு நடத்தும் அதிகாரம் திருவனந்தபுரத்தில் இருக்கும். அதை நம் மறைமாவட்டத்துக்கு மாற்ற முடியும். அதற்கு இரு ஆயர்களின் இசைவும், உரோமையில் உள்ள புனிதர் பட்ட நடைமுறைகளுக்கான திருப்பீடத் துறையின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும். இதைப் பெறாமல் எடுக்கப்படும் சாட்சியம் பின்னர் செல்லாது என்று ஆகிவிடலாம். ஆகவே இறப்புச் சான்றிதழில் "இறந்த இடம்" என்ற கட்டத்தையே முதலில் பாருங்கள்.

மாவட்டத்துக்கு உள்ளேயும் எல்லைகள் மாறியுள்ளன. கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது. அதிலிருந்து குழித்துறை 2014 டிசம்பரில் தனியானது. இவை இரண்டும் இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்தவை. கத்தோலிக்கத் திருச்சபையின் கீழை வழிபாட்டுச் சபைகளான சீரோ மலபார் சபைக்குத் தக்கலையிலும், சீரோ மலங்கரை சபைக்கு மார்த்தாண்டத்திலும் 1996 முதல் ஆயர்கள் உள்ளனர். இவர்களது எல்லைகள் இலத்தீன் மறைமாவட்டங்களின் எல்லைகளோடு ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தவை. எனவே "இது எங்கள் பொறுப்பு" என்ற பதிலை ஆயரகத்திலிருந்து வாய்மொழியாகப் பெறாமல் கடிதமாகவே பெறுங்கள்.

4. பொது வணக்கத்தை இப்போதே நிறுத்துங்கள்

அருளாளர் பட்டத்துக்கு முன் ஒருவருக்குப் பொது வணக்கம் செலுத்தக் கூடாது என்பது கண்டிப்பான விதி. விசாரணை முடியும் முன் அவருடைய கல்லறை, வாழ்ந்த அறை, படம் வைக்கப்பட்டுள்ள இடங்கள் ஆகியவற்றை நேரில் பார்வையிட்டு, அப்படிப்பட்ட வணக்கம் இல்லை என்று எழுத்தில் உறுதி செய்வார்கள். நம் ஊர்களில் ஆர்வம் எந்த வேகத்தில் போகும் என்பது உங்களுக்குத் தெரியும்: முதலில் கல்லறைக்கு ஒரு கொட்டகை, அடுத்த ஆண்டு குருசடி, அதற்கு அடுத்த ஆண்டு கொடியேற்றமும் நவநாளும் சப்பரமும். அன்பினால் செய்யப்படும் இவை அனைத்தும் வழக்குக்கு எதிரான சான்றுகளாக நிற்கும்.

செய்யக் கூடாதவை இவை: ஒளிவட்டத்துடன் படம் அச்சிடுவது, சுரூபம் செய்து கெபியிலோ பீடத்திலோ வைப்பது, அவர் பெயரில் திருவிழாவும் அசனமும் நடத்துவது, நோட்டீசில் "புனிதர்" என்றோ "அருளாளர்" என்றோ அடைமொழி இடுவது. கல்லறைக்குத் தனியாகச் சென்று செபிக்கலாம். அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக நினைவுநாள் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். ஆயரின் ஒப்புதலுடன் தனிச் செபத்துக்கான அட்டை அச்சிடலாம். பங்குப் பேரவையில் இதைத் தீர்மானமாக எழுதி வைத்தால், திருவிழாக் குழுவினர் வந்து கேட்கும்போது மறுக்க எளிதாக இருக்கும். இல்லையென்றால் மறுத்தவர்தான் ஊருக்குப் பொல்லாதவர்.

கல்லறையைத் திறப்பது, எலும்புகளை இடம் மாற்றுவது, உடையைத் துண்டாக்கித் திருப்பண்டம் என்று விநியோகிப்பது ஆகியவற்றையும் தடுத்து வையுங்கள். உடலைத் தோண்டி எடுத்துச் சரிபார்க்கும் நடவடிக்கைக்குத் திருப்பீடத் துறையின் அனுமதியும், நாட்டுச் சட்டப்படியான அனுமதியும், வாரிசுகளின் இசைவும் தேவைப்படும்.

5. மனுதாரர், வேண்டுகையாளர், கணக்கு

வழக்கை முன்வைத்து அதன் செலவுக்கும் பொறுப்பேற்பவரே மனுதாரர். மறைமாவட்டம், பங்கு, துறவற சபை, திருச்சபை அங்கீகாரம் பெற்ற பொதுநிலையினர் சங்கம் ஆகியவற்றுள் எதுவும் மனுதாரராக இருக்கலாம். திடீரென்று கூடி ரசீதுப் புத்தகம் அச்சடித்த குழு மனுதாரராக ஏற்கப்படாது. நீங்கள் அப்படியொரு குழுவானால் பங்கின் வழியாகவே செல்லுங்கள். மனுதாரர் எழுத்துமூலம் ஒரு வேண்டுகையாளரை, ஊர்ப் பேச்சில் போஸ்டுலேட்டரை, நியமிப்பார். அவரை ஆயர் ஏற்க வேண்டும். குருவோ துறவியோ பொதுநிலையினரோ அவராகலாம், ஆனால் இறையியலும் திருச்சபைச் சட்டமும் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். வேண்டுகையாளராக இருக்கும் காலத்தில் அவர் சாட்சி சொல்ல முடியாது. பெரியவரோடு நெருங்கிப் பழகிய ஒரே குருவையே அந்தப் பொறுப்பில் அமர்த்தினால் நல்ல சாட்சி ஒருவரை இழப்பீர்கள்.

பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். பங்கின் பொதுக் கணக்கோடு கலக்கக் கூடாது. 2016இல் வந்த நிதி விதிகளின்படி ஆயர் ஏற்ற ஒரு நிதிப் பொறுப்பாளர் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கு ஒப்படைக்கப்பட வேண்டும். செலவு இனங்கள் என்று பார்த்தால், ஆவணப் படிகள், வரலாற்று வல்லுநர்களின் பயணம், நோட்டரியின் தட்டச்சு வேலை, மொழிபெயர்ப்பு, பிறகு உரோமையில் வேண்டுகையாளர், அறிக்கை அச்சு, மருத்துவ வல்லுநர்கள் என்று வளர்ந்துகொண்டே போகும். உள்ளூர்க் கட்டத்தில் மிகுதியாக விழுங்குவது மொழிபெயர்ப்புதான் என்பது என் கணிப்பு. வசதியற்ற வழக்குகளுக்கு உதவத் திருப்பீடத் துறையில் ஒரு தோழமை நிதி உண்டு. வேண்டுகையாளர் மூலம் கேட்கலாம்.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம் தேவை. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் இந்தியக் குடிமகனாக இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய கடவுச்சீட்டின் படியைக் கோப்பில் வைத்தால் போதும். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினரோ வெளிநாட்டு அமைப்போ தருவதானால், எப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்பின் உரிய கணக்கில் மட்டுமே வாங்க வேண்டும்.

6. ஆவணங்கள்

குறைந்தது இவை கையில் இருக்க வேண்டும்: திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம் அல்லது குருப்பட்டம் அல்லது வார்த்தைப்பாடு ஆகியவற்றின் பதிவேட்டு நகல்கள், இறப்பு மற்றும் அடக்கப் பதிவு, பள்ளி, பணி ஆவணங்கள், கடிதங்கள், நாட்குறிப்புகள், மறையுரைக் குறிப்புகள், அச்சில் வந்த எழுத்துகள் அனைத்தும், அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியவை. அச்சில் வந்தவற்றை இறையியல் வல்லுநர் இருவர் தனித்தனியே படித்து, விசுவாசத்துக்கும் ஒழுக்கத்துக்கும் முரணானது உண்டா என்று எழுதித் தருவார்கள். அச்சாகாதவற்றை, குறைந்தது மூவர் கொண்ட வரலாற்றுக் குழு தேடித் தொகுத்து, அவற்றின் நம்பகத்தன்மையை மதிப்பிடும்.

குமரி மாவட்டத்தில் பழைய தாள்களைத் தேடுவது தனி வேலை. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்ததால், பத்திரங்களும் அரசு ஆவணங்களும் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். பங்குப் பதிவேடுகளில் இலத்தீனும் வரும். 1930க்கு முந்தைய ஆயரகக் கடிதங்களுக்குக் கொல்லம் மறைமாவட்டத்தையும், அரசு ஆவணங்களுக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகத்தையும், இயேசு சபைக் குருக்கள் தொடர்பானவற்றுக்குக் கொடைக்கானல் செண்பகனூர் காப்பகத்தையும் நாட வேண்டியிருக்கும். பங்குத்தந்தையின் அறிமுகக் கடிதம் இல்லாமல் எங்கும் போகாதீர்கள்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. பழைய பத்திரங்களில் இருப்பது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. அது சிங்கம் மாத முதல் தேதியில், அதாவது ஆகஸ்ட் நடுவில் தொடங்கும். ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரையான தேதிகளுக்கு 824 கூட்ட வேண்டும். ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை 825 கூட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கூட்டினால் பிறந்த ஆண்டு ஒன்று பிசகும். பதிவேட்டுக்கும் பத்திரத்துக்கும் முரண் என்று வல்லுநர் குறிப்பெழுதுவார். மூலத் தேதியை அப்படியே எழுதி, பக்கத்தில் ஆங்கில ஆண்டைத் தரும் அட்டவணை ஒன்றைத் தயாரியுங்கள்.

பெயரிலும் அப்படியே. திருமுழுக்குப் பதிவேட்டில் "பிரான்சிஸ் சேவியர்", பள்ளியில் "சவேரியார்", ரேஷன் அட்டையில் "சவரிமுத்து", ஊரில் வேறொரு செல்லப்பெயர் என்று ஒரே ஆள் நால்வராக இருப்பார். எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்பதற்குப் பங்குத்தந்தையின் சான்றையும் உறவினரின் உறுதிமொழியையும் தொடக்கத்திலேயே பெற்று, எல்லாத் தாள்களிலும் ஒரே வடிவத்தைப் பயன்படுத்துங்கள். பெயரோடு சாதிப் பட்டத்தை ஒட்டுவதா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். தேவசகாயத்தின் பெயரோடு இருந்த "பிள்ளை" என்ற சொல்லை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து, பட்டம் வழங்குவதற்கு முன் வத்திக்கான் அதை நீக்க வேண்டியதாயிற்று.

பெரியவரைக் குறைசொல்லும் கடிதமோ புகாரோ கிடைத்தால் அதையும் கோப்பில் சேர்த்தே ஆக வேண்டும். மறைத்தது பின்னால் வெளியே வந்தால் மற்ற தாள்களின் மீதான நம்பிக்கையும் போய்விடும். இது குழுவில் உள்ள குடும்பத்தாருக்குக் கசப்பாக இருக்கும், பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

7. மனு

வேண்டுகையாளர் ஆயருக்கு எழுதும் மனுவுடன் வாழ்க்கை வரலாறு, எழுத்துகளின் பட்டியல், சாட்சிகளின் பட்டியல் ஆகிய மூன்றும் செல்ல வேண்டும். வரலாறு கால வரிசையில், ஒவ்வொரு செய்திக்கும் ஆவணம் காட்டி எழுதப்பட வேண்டும். நினைவு மலருக்கு எழுதிய புகழுரையைத் தட்டச்சு செய்து கொடுத்தால் திரும்பி வரும். பின்னர் ஆயர் மற்ற ஆயர்களின் கருத்தைக் கேட்பார், ஆலய அறிவிப்பின் மூலம் மக்களிடம் சாதக பாதகத் தகவல்களைக் கேட்பார், தடையேதும் இல்லை என்ற கடிதத்தைத் திருப்பீடத்திடம் பெறுவார். வழக்கு முறையாகத் தொடங்கப்பட்ட பின்னரே "இறை ஊழியர்" என்ற சொல்லை நோட்டீசில் பயன்படுத்துங்கள்.

8. சாட்சிகள்

ஆயரின் பிரதிநிதி, நீதிக் காவலர் (விசாரணை விதிப்படி நடப்பதைக் கவனிப்பவர்), நோட்டரி ஆகியோர் அடங்கிய குழு சத்தியப் பிரமாணம் பெற்று விசாரிக்கும். நீதிக் காவலரே கேள்விகளைத் தயாரிப்பார். அவற்றை முன்கூட்டியே வாங்கிச் சாட்சிக்குச் சொல்லிக் கொடுக்க முயலாதீர்கள். ஒப்புரவு அருளடையாளத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) கேட்டதைப் பற்றி எந்தக் குருவும் பேச முடியாது.

"அவர் ஒரு மகான்" என்ற வாக்கியத்துக்கு இங்கே மதிப்பு இல்லை. எந்த ஆண்டு, எந்த வீட்டில், யார் முன்னிலையில், என்ன செய்தார், அதைச் சாட்சி தாமே கண்டாரா, மற்றவர் சொல்லக் கேட்டாரா என்பதே வேண்டும். நேரில் கண்டவர்களையும், உறவினர் அல்லாதவர்களையும், வாய்ப்பிருந்தால் கிறிஸ்தவர் அல்லாத அண்டை வீட்டாரையும் பட்டியலில் முன்னால் வையுங்கள். வர இயலாத முதியவரிடம் குழுவினரே சென்று விசாரிக்கக் கேட்டுக்கொள்ளலாம்.

9. மொழிபெயர்ப்பும் பெட்டியும்

தமிழில் எடுக்கப்பட்ட சாட்சியம் தமிழிலேயே உரோமைக்குப் போக முடியாது. இலத்தீன், இத்தாலியன், ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்ச்சுகீசு ஆகியவற்றுள் ஒன்றில், பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர் மாற்றித் தர வேண்டும். நம் வட்டார வழக்கு தெரியாதவரிடம் கொடுத்தால் பொருள் மாறிவிடும். ஊர்த்தமிழும் நல்ல ஆங்கிலமும் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை ஆயரகத்துக்கு முன்மொழியுங்கள். மூலம் முத்திரையிடப்பட்டு மறைமாவட்டக் காப்பகத்தில் தங்கும். அதன் படிகள் இரண்டு, முத்திரையிட்ட பெட்டிகளில் உரோமைக்குச் செல்லும்.

10. உரோமையில்

இந்தக் கட்டத்தில் நமக்கு வேலை குறைவு. உரோமையில் வசிக்கும் வேண்டுகையாளர் தேவை. விசாரணை சட்டப்படி நடந்ததா என்று பார்த்த பின், ஓர் அதிகாரியின் மேற்பார்வையில் "பொசிசியோ" என்ற பெரிய அறிக்கை எழுதப்படும். அது இறையியலாளர்களிடமும், கர்தினால்கள், ஆயர்களிடமும், கடைசியாகத் திருத்தந்தையிடமும் செல்லும். அவர் ஏற்றால் நற்பண்பு வழியில் "வணக்கத்துக்குரியவர்" என்ற நிலை கிடைக்கும்.

காலம் எவ்வளவு என்று ஊரில் கேட்பார்கள், தேதி சொல்லாதீர்கள். கேரளத்துப் புனித அல்போன்சா இறந்தது 1946. வழக்கு தொடங்கியது 1953. அருளாளர் ஆனது 1986. புனிதர் ஆனது 2008. தேவசகாயம் ஆரல்வாய்மொழியில் கொல்லப்பட்டது 1752. அவரது மறைசாட்சியத்தை ஏற்கும் ஆணை 2012 ஜூனில் வந்து, அதே ஆண்டு டிசம்பர் 2இல் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம் கிடைத்த பிறகும், அடுத்த படிக்கு ஒரு புதுமை வேண்டியிருந்தது. அதை ஏற்கும் ஆணை 2020 பிப்ரவரியில்தான் வெளியானது.

11. புதுமைக்கான கோப்பு

மறைசாட்சி அல்லாதவருக்கு அருளாளர் பட்டத்துக்கு ஒரு புதுமையும், பிறகு புனிதர் பட்டத்துக்கு இன்னொன்றும் வேண்டும். இரண்டாவது, அருளாளர் பட்டத்துக்குப் பின் நடந்ததாக இருக்க வேண்டும். புதுமைக்கு விசாரணை தனி. அது நிகழ்ந்த இடத்தின் ஆயரே நடத்துவார்.

பெரும்பாலும் நோய் குணமாதலே ஆராயப்படுகிறது. குணம் உடனடியாகவும் முழுமையாகவும் நிலைத்தும் இருக்க வேண்டும். மருத்துவ அறிவால் விளக்க முடியாததாக இருக்க வேண்டும். உரோமையில் மருத்துவ வல்லுநர் எழுவர் கூடினால் ஐவராவது ஒத்துக்கொள்ள வேண்டும் என்று 2016இல் விதி வகுக்கப்பட்டது. ஒரே நிகழ்வை மூன்று முறைக்கு மேல் அவர்களிடம் கொண்டுபோக முடியாது. ஆகவே அரைகுறைக் கோப்போடு அவசரப்பட வேண்டாம்.

நம் மக்களின் வழக்கமே இங்கே தடையாகிறது. நோயாளி படுக்கையில் கிடக்கும்போது வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு நேர்ச்சை, அந்தோணியாருக்கு ஒரு நேர்ச்சை, கோட்டாறு சவேரியாருக்கு ஒன்று, கூடவே நம் பெரியவருக்கும் ஒன்று என்று வேண்டிக்கொண்டால், குணம் யாருடைய பரிந்துரையால் வந்தது என்று நிறுவ முடியாது. அவர் ஒருவரையே நோக்கிச் செபித்தார்கள் என்பதையும், செபம் எப்போது தொடங்கியது, உடல்நிலை எப்போது மாறியது என்பதையும் சாட்சிகள் சொல்லியாக வேண்டும்.

மருத்துவத் தாள்களை உடனே வாங்குங்கள். உள்நோயாளியின் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வரை வைத்திருக்கவும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவும் மருத்துவர்களுக்கான இந்திய விதிமுறைகள் சொல்கின்றன. மூன்று ஆண்டு கழித்துப் போனால் தாள் இருக்கும் என்ற உறுதி இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. முழு கேஸ் ஷீட், செவிலியர் குறிப்பு, இரத்தப் பரிசோதனை முடிவுகள், குணமாவதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன்களின் குறுவட்டு ஆகிய எல்லாம் வேண்டும். நோயாளி கையொப்பமிட்ட கடிதத்தின் மூலமே கேளுங்கள். மருத்துவரிடம் "புதுமை என்று எழுதித் தாருங்கள்" என்று கேட்காதீர்கள், அவர் கண்டதை எழுதினால் போதும். குணமானவரை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கச் செய்து அந்த அறிக்கைகளையும் சேர்த்து வாருங்கள்; பின்னர் ஆயர் நியமிக்கும் மருத்துவர் இருவர் அவரை நேரில் பரிசோதிக்கும்போது, நோய் திரும்பவில்லை என்பதைக் காட்ட அவை தேவைப்படும்.